இரண்டும் வலது கை

என் சித்தி ஓஸ்லாவுக்குக் கம்பளி பின்னத் தெரியாது. எங்கள் யெல் தீவில் இதை யாரும் மறுக்கமாட்டார்கள். மற்ற பெண்கள் பின்னல் குறிப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு அதன்மேலேயே தேநீர்க் கோப்பையை வைப்பார்கள். வாய் ஊர்வம்பு பேசும், கை தானாக ஓடும். சித்தியோ தாளில் அளவுகோலை வைத்து, வரிவரியாக இறக்கி, உதடு அசைய எண்ணி எண்ணிப் பின்னுவாள். முழங்கையில் ஓட்டை என்று அச்சடித்திருந்தால் ஓட்டை போட்டுவைப்பாள்.

இருபது வருடம் மீன் தொழிற்சாலையில் பனிக்கட்டிக்குள் கைவிட்டவள். இனிமேல் குளிரில் கை வைக்காதே என்று டாக்டர் சொன்ன மாதம்தான் லெர்விக் நகரத்துக் கம்பளிக்கடையில் ஆள் தேடினார்கள். குறிப்புகள் அச்சுக்குப் போகும் முன் பின்னிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை.

நானும் கேட்டேன். எனக்குப் பதினாறு வயது, படிப்பை நிறுத்தியாகிவிட்டது, பின்னல் கண்காட்சியில் இரண்டு வருடம் முதல் பரிசு. கடைக்கார அம்மா ராபினா ஹால்க்ரோ வேலை கேட்டு வந்த ஆறு பேருக்கும் ஒரே கையுறைக் குறிப்பைக் கொடுத்தார். ஐந்து பேர் அழகான ஜோடிகளோடு போனோம்.

"தாள்ல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன் நான்.

சித்தி கொண்டுவந்த இரண்டு கையுறையிலும் கட்டைவிரல் ஒரே பக்கம் இருந்தது. இரண்டும் வலது கை.

"சித்தி, இத மாட்டிக்க இன்னொருத்தர் கையக் கடன் வாங்கணும்!"

எல்லோரும் சிரித்தோம். ராபினா அம்மா சிரிக்கவில்லை.

"இரண்டாவதையும் முதல் மாதிரியே பின்னுன்னு வேணும்னேதான் எழுதினேன். நீங்க அஞ்சு பேரும் கையாலயே அதச் சரிபண்ணிட்டீங்க, தப்புன்னே தெரியல. புத்தகம் வாங்குறவங்க என்ன பண்ணுவாங்க? ஓஸ்லா, திங்கக்கிழமை வந்துடுங்க."

அன்று இரவு ஆட்டுக்கறி சூப் எனக்கு இறங்கவில்லை. அதன்பின் ஊரே "ஓஸ்லா, இந்தக் குறிப்பக் கொஞ்சம் பாரேன்" என்று சித்தி வீட்டு வாசலில் நின்றது. என் பரிசு அட்டைகளை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் மேசையில் ராபினா அம்மாவே எழுதிய தொப்பிக் குறிப்பு கிடந்தது. தொடக்கத்தில் 112 கண்ணி, அதாவது பின்னல் வளையம், என்று இருந்தது. நடு ஒன்றின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். 172 ஆனது.

சித்தி அதையும் அப்படியே பின்னினாள். குதிரைக்குட்டிக்குப் போடலாம் போல ஒரு தொப்பி வந்தது. எண்ணிக்கை தப்பு என்று கடைக்குப் போன் செய்தாள். என் பிரதியில் சரியாகத்தானே இருக்கிறது, நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று ராபினா அம்மா கேட்டிருக்கிறார்.

நான் போனபோது தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளை அவள் திரும்பப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மையின் நிறமே காட்டிக்கொடுத்திருக்கும்.

"கண்ணு போயிடுச்சுடி. ஒண்ணு ஏழாத் தெரிஞ்சிருக்கு. வேலைய விட்டு நானே நின்னுக்கிறேன். தொழிற்சாலைல இன்னும் ஆள் எடுக்குறாங்களாம்."

இருபது வருடம் பனிக்கட்டியில் கிடந்த அந்த விரல்களைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வேலை எனக்குத்தான்.

"கோடு போட்டது நான் சித்தி."

"எதுக்குடி?"

"பொறாம."

"யார் மேல?"

"உன் மேலதான். வேற யார் மேல?"

அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். அவள் எழுந்துபோய் போன் டயலைச் சுழற்றினாள்.

"ராபினாம்மா, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தாள்ல கோடு போட்டது எங்க அக்கா மக. என்னது? ஆமா, அந்தப் பரிசுக்காரிதான். பொறாமையாம்!" குரல் அடுத்த வீடு வரை எட்டியது. "என் மேல! நாப்பத்தெட்டு வயசுல, மொதத் தடவையா!"

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நம்பமாட்டேங்குறாங்கடி. வா, நீயே உன் வாயால சொல்லு."