குடோனுக்குள் ஓர் இலவச வைஃபை

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டிய ஒரு குடோனில் நான் ஐ.டி. ஆளாக இருந்தேன். ஐ.டி. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஏ.சி. ஓடாவிட்டாலும் என்னைத்தான். இரண்டுமே பிளக்கில் மாட்டுகிற சாமான்தானே என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம்.

எங்கள் குடோனில் கிடந்த சரக்கில் பெரும்பங்கு ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு சென்ட் கம்பெனியுடையது. பெட்டிக்குள் இருந்தாலும் அந்த வாசனை எப்படியோ வெளியே கசிந்து எங்கள் உடம்பிலும் சட்டையிலும் ஏறிக்கொள்ளும். சாயங்காலம் தங்குமிடத்துக்குப் போகும் கேம்ப் பஸ்ஸில் மற்ற கம்பெனி ஆட்கள் எங்களுக்குப் பக்கத்து இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள்.

பெட்டிகள்மேல் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்கக் கைக்கு அடக்கமான கருவிகள் இருந்தன. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் அது ‘கன்’. கன் படித்த எண், கூரையில் மாட்டிய வெள்ளை டப்பாக்கள் வழியாக, வயர் எதுவும் இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும், வழியில் வேறு யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. என் வேலையில் முக்கியமான பாகம் இதுதான்.

குடோன் மேனேஜர் கீழக்கரைக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெரிய முதலாளி முதல் லோடு இறக்குபவர் வரை எல்லோருக்கும் அவர் ‘பாய்’. எந்த டிரக் எந்தக் கதவில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். கண்ணுக்குத் தெரியாத சங்கதி என்றால் மட்டும் அவருக்கு ஒட்டாது. வைஃபையும் அவர் கணக்கில் அப்படிப்பட்டதுதான்.

ஒருநாள் சென்ட் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது. தங்கள் சரக்கு இருக்கும் இடங்களில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு எப்படியிருக்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வாளரை அனுப்புகிறார்களாம். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் சரக்கை வேறு குடோனுக்கு மாற்றிவிடுவார்களாம். அந்தச் சரக்கு போனால் எங்கள் குடோனில் பாதி காலி. ஆட்களிலும் பாதிப் பேரை ஊருக்கு அனுப்ப வேண்டிவரும்.

பாய் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நம்ம பாதுகாப்பு எப்படி?”

நான் பேக்கிங் மேஜைப் பக்கம் கையைக் காட்டினேன். மேஜைக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. அதில் எங்கள் வைஃபை பாஸ்வேர்டு மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கம்பெனிப் பெயர், கூடவே ஒன்று இரண்டு மூன்று. எனக்கு முன்னால் இருந்தவர் செய்த ஏற்பாடு. லோடு ஏற்றக் காத்திருக்கும் டிரைவர்களுக்கும் தெரியட்டும் என்று யாரோ கீழே ஓர் அம்புக்குறி வேறு போட்டிருந்தார்கள்.

“கழட்டு, கழட்டு” என்றார் பாய்.

அட்டையைக் கழற்றினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம் எல்லாம் கலந்து நீளமாக ஒரு புதுப் பாஸ்வேர்டு போட்டேன். மேனேஜர் என்பதால் பாயிடம் மட்டும் சொன்னேன். ரகசியம் என்றும் சொன்னேன். அவர் சட்டைப் பையைத் தட்டிக்காட்டி, “என் உசுரு மாதிரி வச்சிருப்பேன்” என்றார்.

மறுநாள் காலையில் ஒருவர் கையிலிருந்த கன் இணைப்பு அறுந்து நின்றுவிட்டது. நான் ஆபீஸில் பிரிண்டருடன் போராடிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் வாக்கிடாக்கியில் பாயைக் கேட்டிருக்கிறார். அடுத்த நிமிடம் குடோன் முழுக்கப் பாயின் குரல் கேட்டது.

“நல்லாக் கேட்டுக்கப்பா. பெரிய எஃப். எஃப் ஃபார் ஃபிஷ். அப்புறம் நட்சத்திரம். அப்புறம் சின்ன எம். எம் ஃபார் மாங்கா. அப்புறம் ஏழு…”

நான் பிரிண்டரை விட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் வாக்கிடாக்கியில் இன்னொரு குரல் வந்தது. பக்கத்து குடோனின் மலையாளி சூப்பர்வைசர். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே சேனல்.

“பாயி, மாங்காய்க்கு அப்புறம் எந்தா சொன்னது?”

அன்று மதியமே பாஸ்வேர்டை மறுபடி மாற்றினேன். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாக் கன்களையும் வாங்கிவைத்து, அவற்றின் குட்டிப் பித்தான்களில் நானே நட்சத்திரத்தைத் தேடித்தேடி அமுக்கினேன். விரல் நுனி மரத்துப்போனது. பாய்க்கு மனத்தாங்கல். “என் குடோன்ல எனக்கே தெரியாம ஒரு ரகசியம்” என்று டீ கொண்டுவருபவரிடம்கூடச் சொல்லி வருத்தப்பட்டார்.

ஆய்வாளர் வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். தோளில் ஒரு கறுப்பு லேப்டாப் பை. நாற்காலி போட்டால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனி லேப்டாப்பைக் கண் பார்வையிலிருந்து விடக்கூடாது என்பது அவர்கள் சட்டமாம். பாய் என் காதில், “பாத்தியா, இவருதான் பாதுகாப்பு” என்றார்.

முற்பகல் முழுக்க நன்றாகப் போனது. கூரை டப்பாக்களைப் பார்த்தார். பூட்டிய அலமாரியைப் பார்த்தார். பாஸ்வேர்டு நீளத்தைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். கடைசியாக, உங்களுக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் வேறு வைஃபை ஏதும் ஓடுகிறதா, தேடிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். என் பழைய லேப்டாப்பில் அதற்கென்றே ஒரு மென்பொருள் வைத்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் உள்ள வைஃபைகளின் பெயர்களைக் காட்டும். சிக்னல் கூடினால் கீச்சுக்குரலில் கத்தும், குறைந்தால் கட்டைக்குரலில் முனகும். பெருமையாகத் திறந்துவைத்தேன். எங்களுடையது தெரிந்தது. பக்கத்து குடோனுடையது மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவதாக ஒன்று தெரிந்தது. ‘ஃப்ரீ பப்ளிக் வைஃபை.’

லேப்டாப் கீச்சென்று கத்தியது.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். பாயும் என்னைப் பார்த்தார். வெளியாள் எவனோ உள்ளே கருவி வைத்திருக்கிறான். அதுவும் அன்றைக்கென்று பார்த்து.

“இலவசமாவா?” என்றார் பாய். “நம்ம குடோன்ல இலவசமா எவன்யா குடுக்கிறான்?”

தேடல் தொடங்கியது. நான் லேப்டாப்பை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் ஆய்வாளர், அவருக்குப் பின்னால் பாய். முதல் வரிசை அடுக்குக்குப் போனோம், கத்தியது. கடைசி வரிசைக்குப் போனோம், அங்கேயும் அதே கத்தல். டாய்லெட் வாசலிலும் கத்தியது. எங்கே போனாலும் சிக்னல் முழுசாக இருந்தது. ஒரே ஒரு கருவி இருந்தால் எங்காவது குறைய வேண்டுமே. அப்படியென்றால் குடோன் முழுக்க வைத்திருக்கிறார்கள்.

மேல் அடுக்கில் மறைத்திருக்கலாம் என்று தோன்றியது. பெஷாவர்காரரான ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைக் கூப்பிட்டேன். அவர் என்னையும் லேப்டாப்பையும் ஏற இறங்கப் பார்த்து, “ஊப்பர் ஜாயேகா?” என்று, மேலேயா போகணும் என்பதுபோல், கேட்டுவிட்டுக் கம்பிக் கூண்டைக் கொண்டுவந்து மாட்டினார். ஆய்வாளர் பதறிப்போய் எனக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து, பெல்ட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். வண்டி என்னைத் தூக்கியது. மேலே போகப்போக லேப்டாப்பின் குரல் கட்டையாகிக்கொண்டே வந்தது. உச்சியில் வெறும் முனகல். இறங்க இறங்க மறுபடி கீச்சுக்குரல். கூண்டு ஆய்வாளருக்குப் பக்கத்தில் வந்து தரையைத் தொட்டபோது காது கிழிந்தது.

“கீழதான் இருக்கு பாய்” என்றேன்.

“கீழன்னா?”

“தரைக்கடியில.”

வயர் போகும் பள்ளங்களின் மூடியைத் திறக்கச் சொன்னேன். பாய் தன் கையாலேயே கடப்பாரை போட்டு நெம்பினார். கரப்பான் பூச்சிகள் வந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது. நல்ல சென்ட் பாட்டில் ஒன்று, பாதி தீர்ந்து, துணியில் சுற்றியபடி வந்தது. பாய் ஆய்வாளர் பார்ப்பதற்குள் அதைக் கைலேஞ்சியில் மறைத்துக்கொண்டு, “இத நான் அப்புறம் விசாரிக்கிறேன்” என்று தமிழில் சொன்னார். வைஃபை வரவில்லை.

லுஹர் தொழுகை நேரமாகிவிட்டது. பாய் தொழப் போனார். ஆய்வாளர் வெளியே காரில் உட்கார்ந்து ஒரு போன் பேசிவிட்டு வருவதாகப் போனார். நான் பள்ளத்தின் விளிம்பில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். சத்தம் இறங்கியது, முனகியது, நின்றே போனது. திரையில் அந்தப் பெயரே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பாய் வந்தார். லேப்டாப் கத்தத் தொடங்கியது. ஆய்வாளரும் அதே நேரத்தில் உள்ளே வந்தார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. தொழப் போனபோது நின்றது, தொழுது வந்ததும் தொடங்கியது, அவ்வளவுதான் ஏறியது. பாய் சட்டைப் பையில் இரண்டு மொபைல்கள். அதில் ஒன்று மகன் புதிதாக வாங்கிக் கொடுத்தது, வைஃபை உள்ள ரகம்.

“பாய், கோவிச்சுக்காதீங்க. அந்த மொபைல ரெண்டையும் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்கு?”

“உங்ககிட்டயிருந்துதான் வருதோன்னு…”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “அல்லாவே! என்னையவா?” என்றார். ஆனாலும் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் பையில் இருந்த தஸ்பீஹ் மணி, தலைவலித் தைலம், கார் சாவி, பல்குத்தும் குச்சி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். மொபைல்களின் பேட்டரியைக் கழற்றினேன். லேப்டாப் அதே சுருதியில் கத்தியது. “பாத்தியா?” என்று சொல்லிவிட்டுப் பாய் விறுவிறுவென்று கடைசிக் கதவு வரை நடந்துபோய் நின்றார். கத்தல் கொஞ்சமும் குறையவில்லை.

இப்போது லேப்டாப்பின் பக்கத்தில் இருந்தது நானும் ஆய்வாளரும்தான். என் பழைய மொபைலில் வைஃபையே கிடையாது.

நான் மெதுவாக அவர் தோளைப் பார்த்தேன். பிறகு திரையை ஒழுங்காகப் பார்த்தேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், இது கூரை டப்பாவிலிருந்து வருவதல்ல, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று காட்டும் சின்ன அடையாளம் காலையிலிருந்தே இருந்திருக்கிறது. பாயிடம் ஓடினேன்.

“பாய், மன்னிச்சுக்கங்க. அவரு பையிலேர்ந்துதான் வருது.”

“எந்தப் பை?”

“தோள்ல தொங்குதே.”

“மெல்லப் பேசு.”

“அவருக்குத் தமிழ் தெரியாது பாய்.”

“தமிழ் தெரியாட்டி என்ன, உன் முழி அங்கயேல்ல நிக்குது!” பாய் கொஞ்சம் யோசித்தார். “நேரா சொன்னா மனுசனுக்கு அவமானமாப் போயிரும். நான் பாத்துக்கறேன்.”

அவர் ஆய்வாளரிடம் போய், வெகுநேரமாகச் சுமக்கிறீர்களே, பையைக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டார். ஆய்வாளர் கம்பெனிச் சட்டத்தைச் சொல்லிப் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். உடனே பாய் என் லேப்டாப்பை வாங்கி, நாடி பார்க்க வந்த டாக்டரைப்போல அவரது இடப்பக்கம் ஒருமுறை காட்டினார், வலப்பக்கம் ஒருமுறை காட்டினார். பிறகு பைமேலேயே வைத்தார். அது போட்ட கூச்சலில் பெஷாவர்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்துவிட்டார்.

பாய் லேப்டாப்பை அங்கேயே பிடித்தபடி சிரித்த முகமாக நின்றார்.

ஆய்வாளர் பையின் ஜிப்பைத் திறந்தார். சூடான காற்று வந்தது. உள்ளே லேப்டாப் அணைக்கப்படாமல் தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்க ரொம்ப நேரம் பிடிக்கிறது என்று, மூடினாலும் ஓடும்படி வைத்திருக்கிறார். எப்போதோ ஒரு விமான நிலையத்தில் ‘ஃப்ரீ பப்ளிக் வைஃபை’ என்று பார்த்துக் க்ளிக் செய்திருக்கிறார். அது வைஃபையே அல்ல, யாரோ ஒரு பயணியின் லேப்டாப். அன்றைய விண்டோஸுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. அப்படி ஒருமுறை சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு இந்த லேப்டாப்பே அதே பெயரைச் சுமந்துகொண்டு போகிற இடமெல்லாம் கூவும். சளி பிடிப்பது மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். மனிதர் எத்தனை ஊர் குடோன்களில் அதைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பு ஆய்வு செய்தாரோ.

அவர் கழுத்திலிருந்து காது வரை சிவந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தார். பாய் அவரை எழுப்பிச் சாப்பிடக் கூட்டிப்போனார். மட்டன் பிரியாணி. அப்போதுதான் முதல்முறையாக அவர் பையைத் தரையில் இறக்கிவைத்தார்.

அறிக்கை சில நாள் கழித்து வந்தது. பாய் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். “ஆய்வின்போது அனுமதியில்லாத கருவி ஒன்று கட்டடத்துக்குள் இருப்பதை ஊழியர்கள் கண்டறிந்தனர். விடாமுயற்சியுடன் தேடி அகற்றினர். பாராட்டத்தக்கது.” அந்தக் கருவி யாருடையது என்று ஒரு சொல்கூட இல்லை. பாய் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். “நல்ல மனுசன். பொய் ஒண்ணும் எழுதலியே” என்றார். சரக்கு எங்களிடமே இருந்தது. ஆட்கள் யாரும் ஊருக்குப் போகவில்லை. சென்ட் பாட்டில் விசாரணை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கொஞ்ச நாளைக்குப் பாய் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக மணத்தார்.

பாய் இந்தக் கதையைத் தேரா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது வைஃபை, லேப்டாப் எல்லாம் உதிர்ந்துபோய், ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் மெசின் ஒன்று என்னிடம் இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, உங்க மெசினக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா? கடைக்குள்ள எலி ஒண்ணு புகுந்துருச்சு. எங்க ஒளியுதுன்னே தெரியல.”

அந்த மெசின் வைஃபை உள்ள சாமான்களைத்தான் கண்டுபிடிக்கும், எலியிடம் வைஃபை கிடையாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். “சரி தம்பி, அப்ப வரும்போது அதுக்கு வைஃபை ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க. மாட்டி விட்டுருவோம்.”