கட்டளை கேட்காத பொத்தான்

எங்கள் மூத்த சகோதரனை நாங்கள் நானா என்போம். ஒரு விளையாட்டை விளையாடுவதைவிட அதற்குச் சட்டம் போடுவதில்தான் அவருக்கு ருசி அதிகம். அப்போது அவர் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏழு வயது.

கலவரத்தால் ஊரடங்குச் சட்டம் போட்டு, எங்கள் ஊர் அக்குறணையே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. நாங்கள் பாயை விரித்து, வாப்பாவின் துணிக்கடைப் பொத்தான்களைப் படைகளாக நிறுத்தினோம். பச்சை எனக்கு, கறுப்பு நானாவுக்கு. பெரிய கோட்டுப் பொத்தான்தான் தளபதி. தளபதியிலிருந்து ஒரு சாணுக்குள் நிற்கும் பொத்தான் சொன்னபடி நகரும். அதற்கு அப்பால் நின்றால் லூடோக் கட்டையை ஒரு தரம் உருட்ட வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால்தான் கட்டளை அதன் காதில் விழுந்ததாகக் கணக்கு.

"என்ட சாண் சின்னன் நானா, இது அநியாயம்!" என்று சண்டை பிடித்தேன்.

"முழுக்கக் கட்டை எண்டா அது லூடோ. முழுக்க நாம செல்றபடி நடந்தா அது செஸ். சண்டை ரெண்டுக்கும் நடுவுல இரிக்கி," என்றார். ஆனாலும் பாவம் பார்த்து, எனக்கு மட்டும் இரண்டு விழுந்தாலே போதும் என்று சட்டத்தைத் தளர்த்தினார்.

வாப்பா பக்கத்து டவுனில், கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். "ஷட்டரப் போட்டுட்டு உள்ளுக்கே இரிங்க வாப்பா, வெளிய வராதீங்க," என்று காலையில் போனில் சொன்னது நானாதான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்த டவுனில் கடைகளுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. இப்போது வெளியே வரச் சொல்ல வேண்டும். போன் போகவே இல்லை. உம்மா தொழுகை விரிப்பை விட்டு எழும்பவில்லை. நானா போனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, என் நச்சரிப்புத் தாங்காமல் மறுபடி பாயில் வந்து உட்கார்ந்தார்.

என் பச்சைப் பொத்தான் ஒன்று பாயின் மூலையில், கறுப்புகளுக்கு நடுவே அகப்பட்டிருந்தது. அதைத் திரும்பி வரச் சொல்லிக் கட்டையை உருட்டினேன். ஒன்று விழுந்தது.

"இன்னொருக்கா போடு," என்றார் நானா.

மறுபடியும் ஒன்று.

"இன்னொருக்கா போடு!"

"ஒரு தரம்தானே எண்டு நீங்கதானே சென்னீங்க! கள்ள வெளையாட்டு வேணாம் நானா!"

அவர் கட்டையைப் பறித்துத் தானே உருட்டினார். ஒன்று. ஐயோ, எதிரியின் பொத்தானுக்காக இந்த மனுஷன் ஏன் இப்படிப் பாடுபடுகிறார்! மறுபடி உருட்டினார். ஐந்து விழுந்தது. அந்தப் பொத்தானை எடுத்து என் தளபதியின் பக்கத்தில் வைத்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

ஆட்டம் என் பக்கம் வந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க நானா, அடுத்த ஆட்டம் நான் தோத்துத் தாறேன்," என்றேன்.

மறுநாள் ஊரடங்கு தளர்ந்ததும் வாப்பா வந்து சேர்ந்தார். கடை எரிந்துபோயிருந்தது. போனும் அதோடு போயிற்று. பின்பக்கத்து வீட்டார் மதில் வழியாக இறக்கி, அவரைத் தங்கள் அறையில் ஒளித்து வைத்திருந்தார்களாம். வாசலிலேயே நானா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான்தானே வாப்பா, நான்தானே வெளிய வராதீங்கண்டு சென்ன," என்று மறுபடியும் அழத் தொடங்கினார்.

ஒரு ஆட்டத்தில் தோற்றதற்கு இரண்டு நாளா அழுவது என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகவே வந்தது.