நடு வீட்டுக்கு ஒரு ஜன்னல்

மும்பை செம்பூரில் எங்கள் வீடு மாமனார் வாங்கியது. மாடி கிடையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி நீளமாகப் போகும். முன்னால் தெரு, பின்னால் சந்து. மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போனபின் நானும் கணவரும் மட்டும்தான் அதில் இருந்தோம். அவர் டிராம்பே பக்கம் காண்டிராக்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர், பென்ஷன் இல்லை. வீட்டை மூன்றாகப் பிரித்து, பின்பக்கத்தில் நாங்கள் இருந்துகொண்டு, முன்னதையும் நடுவிலுள்ளதையும் வாடகைக்கு விடலாம் என்றார்.

குறுக்கே சுவர் வைத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு குடும்பத்துக்கான வீட்டைப் பல குடித்தனமாக்க வார்டு ஆபீஸ் அனுமதி வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி அடுப்படி, தனிக் கழிப்பறை. ஆள் இருக்கும் அறை எதுவானாலும் வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும். நடு வீட்டு வாசலுக்குப் பக்கச் சுவரையொட்டி ஒரு நடை விட்டு, மற்றதெல்லாம் சரிசெய்துவிட்டோம். நடு வீட்டுக்குத்தான் ஜன்னல் வைக்க வழியில்லை.

பார்வையிட வந்த இன்ஜினியர், என் மூத்த மகள் வயதுப் பெண். நடு அறைக்குள் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "கிட்கி கிதர் ஹை?" என்று கேட்டார்.

ஜன்னல் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் மேலும் சொன்னேன்: "தாராவியில நாங்க ஏழு பேரு இதே மாதிரி ரூம்லதான் வளர்ந்தோம். ஒண்ணும் ஆகிடல."

அவர் கோபப்படவில்லை. தானும் சால் என்கிற ஒற்றையறை வரிசைக் குடியிருப்பில், ஜன்னல் இல்லாத அறையில் வளர்ந்தவள்தான் என்றார். "அதனால்தான் இதற்குக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வராது, ஆன்ட்டி." பிறகு பின்பக்கம் போய் என் அடுப்படியைப் பார்த்தார். அதில் ஒரு கட்டில் அகலத்துக்கு விட்டுக்கொடுத்து, மேலே கூரையை எடுத்து, வானம் தெரியும்படி திறந்துவிட்டால் நடு அறைக்கு ஜன்னல் வைக்கலாம், விதி இடம் கொடுக்கிறது என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. கல்யாணமாகி வந்தபோது அந்த அடுப்படியின் விசாலத்தைப் பார்த்துத்தான் இந்த வீடு எனக்குப் பிடித்துப்போனது. இன்ஜினியர் போனதும் கணவர் சொன்னார்: "விட்டுத்தள்ளுட்டி. ரெண்டு வீடாவே போடுவோம். ஒன் அடுப்படிய வெட்டித்தான் ஆவணுமா?"

நான் நடு அறையில் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். ஒன்றும் ஆகவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது முழு உண்மையா என்று யோசித்தபோது அம்மாவின் இருமல்தான் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்து கணவரிடம் சொன்னேன்: "வெட்டட்டும்ங்க. எங்கம்மா ஸ்டவ்வப் பத்த வச்சா எங்கள எல்லாம் சந்துல கொண்டு நிறுத்திருவா. புகை போன பொறவுதான் உள்ள விடுவா. அவ மட்டும் உள்ளயே நிப்பா."

 மறுநாளே அவர் கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார்.

கூரையை எடுத்த அன்று நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பகலிலும் பல்பு எரிந்த என் அடுப்படியில் வெயில் வந்து விழுந்தது. சின்னதாகிப் போன அடுப்படிதான். ஆனால் அரிசியில் கல் பொறுக்க இப்போது கண்ணாடி தேவைப்படவில்லை. இன்ஜினியர் மறுபடி வந்து பார்த்து, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

நடு வீட்டுக்கு உல்லாஸ்நகரிலிருந்து ஒரு சிந்திக்கார அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு வாஷியில் ஆபீஸ் வேலை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு, பார்த்த வீடெல்லாம் அடைசலாக இருந்ததால் வேண்டாமென்று வந்திருக்கிறார்கள். அந்த அம்மா அறைக்குள் வந்ததும் நேராக ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். வாடகையைக்கூட அதன்பிறகுதான் கேட்டார்கள்.

திறந்த இடத்துக்கு இந்தப் பக்கம் என் ஜன்னல், அந்தப் பக்கம் அவருடையது. இருவரும் கை நீட்டினால் கிண்ணம் மாறும். என் சாம்பார் போகும், அவருடைய கடலைமாவுக் குழம்பு, அவர்கள் பாஷையில் 'கடி', வரும். எங்கள் வீட்டுச் சத்தமெல்லாம் அங்கே கேட்கும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒருநாள் கணவர் வழக்கம்போல, "சாம்பார்ல உப்பே இல்லட்டி" என்று சத்தம் போட்டார்.

எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "உப்பு டீக் ஹை, பாய்சாப்!"

தினமும் கேட்டுக் கேட்டு உப்பு என்ற சொல் அந்த அம்மாவுக்கும் பழகியிருந்தது; சரியாக இருக்கிறதாம். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அவர்கள் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். மழைக்காலத்தில்கூட அந்த அம்மாவுக்கு இரைப்பு முன்போல் வருவதில்லை என்று மகள் சொல்கிறாள். அந்த இன்ஜினியர் வேறு வார்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபிக்கும்போது, 'வார்டு ஆபீஸ் பிள்ளை' என்றுதான் அவரைச் சொல்கிறேன். ஆண்டவருக்கு யாரென்று தெரியும்.