பேனா நிற்கக் கூடாது

பழைய டூத் பிரஷ்ஷால் நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் துர்காதேவி. பீங்கான் யூனிட்டின் பின்புறக் குழாயடி. பொம்மைகளுக்குப் புடவைக் கரை தீட்டுவது அவள் வேலை. காலை முழுக்கத் தீட்டிய நீலம் நகத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மற்ற நாட்களில் அதைப் பற்றிக் கவலையே கிடையாது. பரீட்சை நாளில் மட்டும்தான் இந்தக் கழுவல்.

"பேப்பர்ல ஒரு பொட்டு சாயம் பட்டாலும் அடையாளம் வச்சிருக்குதுன்னு தள்ளிடுவாங்க. புள்ள மூணு மணி நேரம் பேசுனது வீணாப் போயிடும்" என்பாள்.

பரீட்சை ஹாலில் பேசுவது விமல்ராஜ். எழுதுவது இவள். பிறவியிலேயே பார்வையில்லாத விமல்ராஜ், பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு. அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் அவனைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது தேர்வு விதி. அதாவது பிளஸ் டூ. கல்லூரியில் பெயர் பதிந்திருந்தாலே ஆகாது. கையெழுத்தும் நன்றாக இருந்து, பிளஸ் டூவோடு நின்றும்போய், வேலைநாள் மத்தியானத்தில் வரவும் கூடிய ஆளை விருத்தாசலத்தில் எங்கே தேடுவது? முதல் பருவத்தில் இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லிக் கைவிரித்தார்கள். இரண்டு தாள்கள் எழுதாமலே போயின. படித்தது போதும் என்று அவன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அதே யூனிட்டில் அகல் விளக்கு அடுக்கும் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் இவள் முன்னால் வந்து நின்றார். "நீ பன்னண்டாவதுதானம்மா? எம் புள்ளைக்கு எழுதிக் குடு."

பன்னிரண்டாவதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் துர்காதேவியும் கல்லூரியில் சேர்ந்தவள். காலை ஷிஃப்ட் முடித்து ஓடுவதற்குள் முதல் இரண்டு வகுப்புகள் போய்விடும். வருகை அறுபத்திரண்டு சதவீதம். எழுபத்தைந்து இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. அதோடு நின்றவள்தான். "பதிமூணு கம்மி" என்று யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்வாள். கேட்கிற நமக்குத்தான் வயிறு எரியும்.

மூன்றாம் பருவத் தேர்வில், வேலூர்ப் புரட்சி நடந்தது ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு என்றான் விமல்ராஜ். ஆறு என்று அவளுக்குத் தெரியும். பேனா ஒரு கணம் நின்றது. அவனுக்கோ பாம்புக் காது. "இல்லக்கா, எண்ணூத்தி ஆறு" என்று திருத்திக்கொண்டான். கண்காணிப்பாளர் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் துர்காதேவிக்கு மனசு ஆறவில்லை.

"நான் நிறுத்துனதும் சொல்லிக்குடுத்த மாதிரிதான் தம்பி. இனிமே நிறுத்த மாட்டேன்."

நிறுத்தவில்லை. அடுத்த பருவத்தில் அவன் வரிசையாகத் தப்புச் சொன்னான். தப்பு என்று தெரிந்துகொண்டே, வேகம் குறையாமல் எழுதிக்கொண்டு போனாள். இரண்டு மதிப்பெண்ணில் அரியர். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். இவள்தான் பஸ் ஸ்டாண்டில், பெண்ணாடம் பஸ்ஸின் மறைவில் நின்று அழுதாள். மறுபடி எழுதி அவன் தேறிய அன்று யூனிட் முழுக்க இவள் கையால் மிட்டாய்.

தொலைநிலைக் கல்வியில் சேர் என்று இவளுடைய அண்ணன் மூன்று வருஷமாக நச்சரிக்கிறார். சேர்ந்த மறுநாளே விமல்ராஜுக்கு எழுத முடியாது. "தம்பி முடிக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

இன்று அவனுக்குக் கடைசித் தாள். நகத்தில் நீலமில்லாமல் போய், மூன்று மணி நேரம் எழுதி, விரலைச் சொடுக்கிக்கொண்டு கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்தாள். விமல்ராஜ் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"ஒனக்குத்தாங்க்கா. அப்ளிகேஷன். பிரவுசிங் சென்டர்ல எடுத்தாந்தேன். இப்பவே எழுது."

"இன்னிக்கு எழுதுனது போச்சின்னா? அரியருக்கு யாரு வருவா?"

"போனா வேற ஆளு தேடிக்கிறேன். நீ எழுது."

பெயர் எழுதினாள். அப்பா பெயர் எழுதினாள். அடுத்த கட்டத்தில், முன்பு கல்லூரியில் சேர்ந்து இடையில் நின்றிருந்தால் காரணம் எழுதவும் என்று இருந்தது. பேனா நின்றுவிட்டது.

விமல்ராஜ் தலையைச் சாய்த்தான். "என்னாக்கா?"

துர்காதேவி தாளை நகர்த்தி வைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்கும்படி பேனாவை அழுத்தி எழுதத் தொடங்கினாள்.