ஏட்டய்யா தின்ற மூன்று சுளை

முதலில் பொத்தானைப் போட்டுவிடுவார். பிறகுதான் குறிப்பேட்டை எடுப்பார். காலை ஏழு மணி ரோல் காலில், பனி இன்னும் காம்பவுண்டை விட்டுக் கிளம்பாத நேரத்தில், கான்ஸ்டபிள் சித்தனின் கழுத்துப் பொத்தானைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் போல மாட்டிவிட்டு, ஓரடி பின்வாங்கி, ‘பொத்தான் போடாமல் அணியில் நின்றது’ என்று எழுதிக்கொள்வார் ஏட்டு தேவசிகாமணி.

“இப்பப் போட்டிருக்குதுங்களே ஏட்டய்யா?” என்பான் சித்தன்.

“அது நான் போட்டது கண்ணு. நீ போடாதது அப்பிடியேதான் இருக்குது.”

சேர்வராயன் மலையில், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடிந்து, பஸ்ஸில் வந்தவர்களின் வயிறு மறுபடி தன் இடத்தில் உட்காரும் இடத்தில் இருக்கிறது அவருடைய காவல் நிலையம். இருபத்து மூன்று வருட உத்தியோகத்தில் அவர் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. மற்றவர்கள் பெயரில் இருப்பதில் பாதி இவர் கைங்கரியம். எஸ்டேட் வாசலில் ஓசி ஆரஞ்சு வாங்கியது, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்தது, சந்தையில் ஒரு கிழவரை ‘டேய்’ என்றது, எதுவும் தப்பாது. ஏட்டு ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர் என்பதால் அந்தக் குறிப்பேட்டுக்குக் கான்ஸ்டபிள்கள் வைத்த பெயர் ‘பாவசங்கீர்த்தனப் புஸ்தகம்’, பாதிரியாரிடம் பாவத்தை ஒப்பிப்பது போல. மன்னிப்பு மட்டும் அதில் கிடையாது.

மாதம் ஒருமுறை டி.எஸ்.பி. மலையேறி வந்து ‘ஆர்டர்லி ரூம்’ நடத்துவார். தப்புச் செய்தவன் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவைத்துவிட்டு அவர் மேஜை முன்னால் விறைப்பாக நிற்க வேண்டும். சின்னத் தப்புக்கு எக்ஸ்ட்ரா டிரில், அதாவது துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது. பெரிய தப்புக்குக் கறுப்புப் புள்ளி. புள்ளி விழுந்தால் அந்த வருடப் பதவி உயர்வு அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிடும்.

விசேஷம் என்னவென்றால், குற்றம் சாட்டும் மெமோவை எழுதுகிற அதே கையால் அதற்கான பதிலையும் தேவசிகாமணியே எழுதிக் கொடுப்பார். உருக்கமான பதில். அதைப் படித்துவிட்டு டி.எஸ்.பி. தண்டனையைப் பாதியாகக் குறைத்த நாட்கள் உண்டு.

“நீங்களே மாட்டிவுட்டுட்டு நீங்களே காப்பாத்தறீங்களே, ஏனுங்க?” என்று சித்தன் ஒருநாள் கேட்டான்.

“உன்னை எழுதச் சொன்னா அதுல நாலு பொய் எழுதுவ. அதுக்கு நாலு மெமோ நான் எழுதோணும். எனக்கு வேற வேலை இல்லையா சாமி?”

போன வைகாசியில் அந்தப் பலாப்பழம் நிலையத்துக்கு வந்தது. மஞ்சக்குட்டைக் குப்பாயி தன் மரத்துப் பழத்தைப் பக்கத்துத் தோட்டத்து மாரியப்பன் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்தாள். அது தன் மரத்துப் பழம் என்றான் மாரியப்பன். பழம் வழக்குச் சொத்தாகி, கழுத்தில் 14 என்ற எண்ணோடு பின்னறையில் உட்கார்ந்தது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அதைத் திருப்பித் தர முடியாது. உத்தரவு சேலத்திலிருந்து வர வேண்டும். இந்த நடைமுறையெல்லாம் பழத்துக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பழுத்துவிட்டது. நான்காம் நாள் வாசத்தில் வயர்லெஸ் பேசுகிறவனுக்கு வாயில் எச்சில் ஊறிச் செய்தி குழறியது.

“கை வெச்சவன் நேரா ஆர்டர்லி ரூம்தான்” என்றார் தேவசிகாமணி. ஒருவரும் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் தனியாகப் பின்னறைக்குள் போனார். பழம் வெடித்திருந்தது. அழுத்திப் பார்த்தார். ஒரு சுளை கையோடு வந்தது. மற்ற இரண்டும் எப்படி வந்தன என்பதற்கு அவரிடமே விளக்கம் இல்லை. வெளியே வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதினார்: ‘காலை 10.40. வழக்குச் சொத்து எண் 14-ஐப் பரிசோதிக்கையில் மூன்று சுளைகள் என்னால் உண்ணப்பட்டன. எவரும் வற்புறுத்தவில்லை. கொட்டைகள் மூன்றும் உறையில் இணைக்கப்பட்டுள்ளன.’

அந்த வருட சப்-இன்ஸ்பெக்டர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மனைவி ஜெயமேரி கோயில் வாசலில் அதை நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று.

சித்தன் பதறிப்போனான். “ஏட்டய்யா, யாருமே பாக்கலைங்க. எறும்பு தின்னுப்போடுச்சுன்னு எழுதிருங்க.”

“எறும்பு மேல பொய்க் கேசு போடச் சொல்றியா?”

ஜெயமேரி வேறு விதமாகக் கேட்டாள். “ஊட்டுல வாங்கி வெச்சா வாயு புடிக்குதும்பீங்க. கேசுப் பழம்னா மட்டும் எறங்குதுங்களா?”

தன்மேல் தானே மெமோ எழுதினார். மூன்று நிமிடத்தில் முடிந்தது. பதில் எழுத உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. ஊரார் குற்றத்துக்கெல்லாம் உருகி ஓடிய பேனா. கடைசியில் அந்தத் தாளை வெறுமையாகவே இணைத்தார்.

ஆர்டர்லி ரூம் நாளில் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி வைத்தார். குற்றவாளிக்கு உத்தரவு கொடுத்து உள்ளே நடத்திப் போவது வழக்கமாக அவர் வேலை. ஆகவே “க்விக் மார்ச்!” என்று தனக்குத் தானே சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போய், “ஹால்ட்!” என்று தன்னையே நிறுத்தினார்.

டி.எஸ்.பி. வெறுந்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பதில் எங்கய்யா?”

“இல்லீங்கய்யா. நொம்ப வாசமா இருந்துதுங்க.”

பழத்துக்கு உரிமை கொண்டாடும் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். குப்பாயி கோபப்படவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏனுங்க ஏட்டய்யா, பழம் எப்பிடி இருந்துதுங்க?” என்றாள்.

தேவசிகாமணி டி.எஸ்.பி.யைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

“தேனுங்க. சுளை கெட்டியா, நாரே இல்லீங்க.”

“கேட்டுக்குங்க சாமி!” குப்பாயி மேஜையைத் தட்டினாள். “இவன் மரத்துப் பழம் கொழகொழன்னு இருக்கும். மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்!”

“மாடு ஒரு தடவ தின்னுச்சுங்க” என்றான் மாரியப்பன். சொன்ன பிறகுதான், ‘கொழகொழ’வை மறுக்காமல் விட்டதில் வழக்கு முடிந்துவிட்டது அவனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, பழம் குப்பாயியுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

டி.எஸ்.பி. பேனாவை எடுத்தார். “இருந்தாலும் வழக்குச் சொத்தைத் தின்னதுக்குக் கறுப்புப் புள்ளிதான் வைக்கணும்.”

கதவுக்கு வெளியே நின்ற சித்தன் தலையை உள்ளே நீட்டினான். தேவசிகாமணியின் கண் சுவரில் இருந்த ஓர் ஆணியை விட்டு நகரவில்லை.

“புள்ளி கிள்ளியெல்லாம் வெச்சுப்போடாதீங்க சாமி” என்றாள் குப்பாயி. “எம் மரத்துல தின்ன போலீசு எத்தனையோ. எல்லாம் வாயத் தொடச்சுட்டுப் போனவங்க. தின்னேன்னு சொன்னது இவுரு ஒருத்தர்தான்.”

டி.எஸ்.பி. போன கோடையில் மஞ்சக்குட்டைக்குத் தான் போன ஒரு விசாரணையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, லேசாக இருமினார். “சுளைக்கு ஒரு நாள். மூணு நாள் எக்ஸ்ட்ரா டிரில். போய்யா.”

பட்டியலில் பெயர் தங்கிவிட்டது. ஏட்டு போகவில்லை. “அய்யா, டிரில் எடுக்கறவன் நானுங்க. எனக்கு யார் எடுக்கறதுங்க?”

“இங்க அதிகமா டிரில் செஞ்சு பழகினவன் யாரு?”

எல்லாரும் சித்தனைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மைதானத்தில் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தேவசிகாமணி சுற்றி வந்தார். வேலியோரம் ஜெயமேரி பிளாஸ்கோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். “லெஃப்ட்ல திரும்புங்க ஏட்டய்யா” என்று கெஞ்சினான் சித்தன். “டிரில்ல கெஞ்சக் கூடாது கண்ணு, அதட்டு!” என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மூன்றாவது சுற்றில், தூக்கிய கை இழுத்த இழுப்பில், அவருடைய கழுத்துப் பொத்தான் கழன்றுகொண்டது. சித்தன் அதைப் பார்க்காதவன் போல அவசரமாக மைதானத்துக்கு அப்பாலிருந்த ஏரிப் பக்கம் பார்த்தான். தேவசிகாமணி அவன் எதிரே வந்து, தானே ஹால்ட் சொல்லி, நின்றார். வேறு வழியில்லாமல் சித்தன் கிட்டே போய், சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு, அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டான். போட்டுவிட்டு நகரப் பார்த்தான்.

ஏட்டு துப்பாக்கியை இடது கைக்கு மாற்றினார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை உருவி, புதுப் பக்கமாகப் பிரித்து, பென்சிலை நடுவில் வைத்து அவனிடம் நீட்டினார்.