தெயனீராவின் மேல்முறையீடு

எழுத்து என்றால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மாட்டிவிட வேண்டும் என்பது தெயனீரா பலோமெக்கேயின் கட்சி. மெதெயின் நகரச் சந்தையில் இருபத்திரண்டு வருடமாக மீன் விற்கிறவள். வாயைத் திறந்தாளென்றால் பக்கத்துக் கடைக்காரன் தராசை ஒளித்துவைப்பான். ஆனால் பேனாவைப் பிடித்துவிட்டால் அவளுக்குள் ஒரு பிஷப் புகுந்துகொள்வார்.

நாற்பத்தெட்டு வயதில், பெரியவர்களுக்கான சனிக்கிழமைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். 'இன்று காலை நீங்கள் கண்டது' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார் துவான் வாத்தியார். அவருக்கு அவளுடைய மூத்த மகன் வயதுகூட இல்லை. பொற்கதிர் பரப்பும் ஆதவனில் தொடங்கிப் பக்கத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, காலைல நாலு மணிக்கு மீன் லாரி முன்னாடி நிக்கிறவங்க நீங்க. அந்த நேரத்துல ஏது சூரியன்?" என்றார் துவான்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது.

"தம்பி, வாரம் பூரா மீன் நாத்தத்துலதான் கெடக்கேன். இங்க வந்தும் அதையேவா எழுதணும்? எனக்கு வேண்டியது சர்டிபிகேட். உங்க பாடத்தை நீங்களே வச்சுக்கங்க."

அந்தத் தாளை அவள் திருத்தவே இல்லை.

அதற்கு முந்தின வருடம்தான் சர்க்கரை நோயால் அவள் கணவன் கிரிசாந்தோவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். செயற்கைக் கால் வைக்க டாக்டர் எழுதிக் கொடுத்தும் காப்பீட்டு நிறுவனம் பதினொரு மாதம் இழுத்தடித்தது. இப்படிப்பட்டவர்களுக்கு நம் ஊரில் ஒரு மருந்து உண்டு, துத்தேலா என்கிற அவசர மனு. வக்கீல் வேண்டாம், நீதிபதிக்கு நாமே எழுதிப் போடலாம். பத்து நாளில் அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

தெயனீரா ஆறு பக்கம் எழுதினாள். 'நீதியின் தூணாய் விளங்கும் மாட்சிமை தாங்கிய' என்று நீதிபதியைக் கும்பிடவே ஒன்றரைப் பக்கம் போனது. எழுதி முடித்து உரக்கப் படித்தபோது அவளுக்கே புல்லரித்தது.

பத்தாம் நாள் மனு தள்ளுபடியானது. ஊன்றுகோல் கொடுத்தாகிவிட்டது, நோயாளி நன்றாகவே நடமாடுகிறார் என்கிறது நிறுவனம். அப்படியில்லை என்று காட்ட மனுவில் ஒரு வரிகூட இல்லை என்று தீர்ப்பில் இருந்தது.

ஒரு வரிகூடவா இல்லை? ஆறு பக்கத்தையும் விரல் வைத்துத் தேடினாள். தூண் இருந்தது, மாட்சிமை இருந்தது, கிரிசாந்தோ இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"மேல்முறையீட்டுக்கு மூணே நாளாம்," என்றான் கிரிசாந்தோ. "விட்டுத் தொலை, தேயா. அவனுங்களோட மல்லுக்கு நிக்க நம்மால ஆகுமா?"

"பேசாம எந்திரி. படியில இறங்கு. நான் பாக்கணும்."

"எப்பவும் பாக்கிறதுதானே?"

"பாத்திருக்கேன். எழுதினதில்ல."

"அப்படின்னா சிங்கம் மாதிரி இறங்கினான்னு எழுது."

அவன் இறங்க இறங்க அவள் எண்ணினாள். பிறகு எழுதினாள். 'சொல்லொணாத் துயரம்' என்று வந்தது, அடித்தாள். சந்தையில், செதில் ஒட்டிய விரல்களோடு மறுபடி எழுதினாள். நான்காவது தடவை ஒரே பக்கமாகச் சுருங்கியது. அதன் நடுவே இப்படி இருந்தது:

'எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே தொண்ணூற்றாறு படிகள். என் கணவர் உட்கார்ந்தபடியே அவற்றில் இறங்குகிறார். நாற்பது நிமிடம் ஆகிறது. மழை பெய்தால் இறங்குவதில்லை. ஏப்ரல் மாதத்தில் நான்கு நாள்தான் தெருவைப் பார்த்தார். இதற்குத்தான் நடமாட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.'

நீதிமன்ற குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானாம்மா? மரியாதை வாசகம் ஒண்ணையும் காணோமே?"

"நீதிபதிக்கு மரியாதை போன தடவையே ஒன்றரைப் பக்கம் குடுத்தாச்சு சார். இது என் புருஷனுக்கு."

இருபது நாளில் மேல் நீதிபதி நிறுவனத்தின் காதைத் திருகினார். கால் வந்தது. கிரிசாந்தோ சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே தெருவுக்கு இறங்கிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை தெயனீராவே அந்தப் பக்கத்தின் நகலைத் துவானிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, இதை வகுப்புல வாசிக்கட்டுமா?"

"கூடாது. இப்படிக் குடுங்க. கடைசி வரி சரியில்ல."

"அதான் ஜெயிச்சாச்சே! இனிமே இதை யாரு படிக்கப் போறா?"

"ஏன், நான் படிக்க மாட்டேனா?"

'ஒவ்வொரு படியிலும் அவர் அழுகிறார்' என்று முடித்திருந்தாள். நீதிபதி மனம் இரங்கட்டும் என்று சேர்த்தது. கிரிசாந்தோ ஒருநாளும் அழுததில்லை. படிக்கொரு கேலி பேசி அக்கம்பக்கத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே போகிறவன். தெயனீரா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: 'அவர் சிரித்துக்கொண்டே இறங்குகிறார். ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் நான்தான் அழுகிறேன்.'