முகமூடிக்காரனை நல்லவனாக்கிய கதை

அந்த ஜப்பானிய ரோபோத் தொடரில் முகமூடிக்காரன்தான் வில்லன் என்பது எனக்குத் தெரியவந்தபோது என் மகளுக்கு முப்பது வயது. முழுத் தொடரையும் திரைக்கு அடியில் ஓடும் டேனிஷ் எழுத்தோடு பார்த்து முடித்துவிட்டு, தொலைபேசியில் என்னைப் பிடித்து உலுக்கியெடுத்தாள். இந்தக் காலத்துப் படங்களில் வரும் ராட்சத இயந்திரங்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது என்கிறார்கள். அந்தச் சிவப்பு ரோபோவின் பொம்மைக்காக மீசை நரைத்தவர்கள்கூட வரிசையில் நிற்கிறார்களாம். நிற்கட்டும். நான் சொன்ன கதைதான் நல்ல கதை. இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை செய்துகொண்டு, மட்டக்களப்பு அண்ணை ஒருவரோடு ஒரே அறையில் இருந்த காலம் அது. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகளுக்கு எட்டு மாதம். அவர்களைக் கூப்பிடுவதற்குப் போட்ட விண்ணப்பம் அமைச்சில் கிடந்து தூங்கியது. அமைச்சர் வேண்டுமென்றே கிடப்பில் போட்டது தெரியவந்து, பின்னாளில் 'தமிழர் வழக்கு' என்று அந்த நாட்டு அரசாங்கத்தையே கவிழ்த்த விஷயம், அப்போது எங்களுக்கு வெறும் "இன்னும் வரேல்லை" மட்டும்தான். மகளோ வளர்ந்துகொண்டிருந்தாள். நான் யார் என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? எல்லோரையும் போல நானும் கசெட்டில் பேசி அனுப்பினேன். "சுகமா இருக்கிறீங்களோ? அம்மாவுக்குக் குழப்படி செய்யக் கூடாது." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும், மிச்ச நாடா வெறுமனே சுற்றும். மனைவி திருப்பி அனுப்பிய கசெட்டில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "ஆரம்மா இந்த மாமா?" அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் அண்ணை, பழைய சாமான் சந்தையில் வாங்கிய வீடியோ நாடாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜப்பான் கார்ட்டூன், ஆனால் பேசுவது ஜெர்மன். எங்கள் இருவருக்கும் ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் என்ன? மலை உயரத்துக்கு ஒரு சிவப்பு ரோபோ, அதன் தலைக்குள் ஏறி ஓட்டும் ஒரு பொடியன், அவன் முன்னால் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு முகமூடிக்காரன். எங்கள் படங்களில் முகமூடி போட்டு வருகிறவன் கதாநாயகன்தானே!

"மறுகா என்ன? இவன் பொடியன்ட சொந்தத் தமையன். பாசத்தை மறைக்கத்தான் முகமூடி," என்று அண்ணை, 'பிறகு' என்பதற்குத் தன் ஊர் 'மறுகா'வைப் போட்டுத் தீர்ப்புச் சொன்னார். முகமூடிக்காரன் ஏவுகணை விட்டபோதெல்லாம், தம்பிக்குச் சண்டை பழக்குகிறான் என்று நாங்கள் விளக்கம் கண்டுபிடித்தோம்.

அன்றிலிருந்து கசெட்டில் ரோபோக் கதைதான். அண்ணை சட்டிமூடியைத் தட்டி வெடிச் சத்தம் கொடுப்பார். பதில் கசெட்டுகளில் கேள்விகள் வரத் தொடங்கின. "ரோபோவுக்குப் பசிக்காதோ?" உடனே ரோபோவுக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் கொடுத்தேன். எனக்கு ஒரே சந்தோசம். ஆனால் எல்லாக் கேள்விகளும் "அந்த மாமாட்டைக் கேளுங்கோம்மா" என்று தாய் வழியாகத்தான் வந்தன.

கடைசியில் விசா கிடைத்து அவர்கள் வந்து இறங்கியபோது மகளுக்கு ஐந்து வயது. விமான நிலையத்தில் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தவள், மூன்று நாளாகியும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலாம் நாள் என் துருப்புச் சீட்டை இறக்கினேன். அண்ணையிடம் கேட்டு வாங்கிய வீடியோவைப் போட்டேன். சிவப்பு ரோபோ திரையை நிறைத்துக்கொண்டு ஜெர்மனில் கத்தியது.

"இது அந்த ரோபோ இல்லை!" என்று அவள் வீரிட்டு அழுதாள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி நானே தொடங்கினேன். "அப்ப தமையன் தம்பியைப் பாத்துச் சொன்னான், பயப்பிடாதை, நான் நிக்கிறன்..."

அழுகை நின்றது. அவள் சேலையை விட்டுவிட்டு மெல்ல வந்தாள். என் வாயைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பவும் என் வாயைப் பார்த்தாள். பிறகு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையின் பாரம் இவ்வளவுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரையை விட்டுவிட்டு அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் சண்டை உச்சத்தில் நடக்கிறது, கதை சொல்ல ஆளில்லை.

அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏன் பேசாமல் இருக்கிறீங்கள், அப்பா? சொல்லுங்கோவன்."